கை படக்கூடாத குத்தி

ஜனவரி 12, திங்கள்

பாயிஸின் கடையில் இன்றைக்கும் மிச்சக் காசுக்கு டொபி. பாணும் தேயிலையும் வாங்கினேன். எட்டு ரூபாய் தர வேண்டியவர் இரண்டு டொபியைக் கண்ணாடி மேசையில் தள்ளிவிட்டு, "குத்தி இல்ல டீச்சர்" என்றார். என்றைக்கு இருந்தது? ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் என்று நாணயக் குத்திகளை அடித்துக்கொண்டேயிருக்கிறார்கள். காலி வீதியில் எந்தக் கடைக்காரரிடமும் ஒன்றும் இல்லை. எல்லாம் வீடுகளில் மேசை இழுப்பறைக்குள் கிடக்கின்றன. செலவழிக்க வெட்கம், எறிய மனமில்லை.

டொபிகளை ஒரு ஜாம் போத்தலில் சேர்த்து வருகிறேன். நிறைந்ததும் அவரிடமே கொண்டுபோய்ச் சாமான் கேட்பேன். அவர் வெளியிட்ட பணம்தானே?

பின்னேரம் லிஃப்டில் சுந்தரலிங்கம். மூன்றாம் மாடி. ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். வெள்ளவத்தை நாணயச் சேகரிப்போர் வட்டத்தின் செயலாளர், பொருளாளர். என் கணக்குப்படி முழு வட்டமும் அவரே.

"டீச்சர், கேள்விப்பட்டனீங்களோ? புது ஞாபகார்த்தக் குத்தி வெளியில வந்திட்டுது."

எதன் ஞாபகார்த்தம் என்று கேட்டேன். யோசித்தார். தன் மாடியில் இறங்க மறந்து என்னோடு நாலாம் மாடிவரை வந்தும் யோசித்தார்.

"ஏதோ ஒரு நிறைவு, டீச்சர். பெட்டிக்குள்ள துண்டு ஒண்டு வைச்சிருக்கிறாங்கள்."

கண்டறியாத ஞாபகார்த்தம். ஞாபகப்படுத்துவதற்கென்றே செய்த காசு. எதை என்று செயலாளருக்கே ஞாபகமில்லை. முகப்பெறுமதி ஆயிரம். விலை அதைப்போலப் பல மடங்கு. ஆயிரம் ரூபாயை ஆறாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் மனிதரிடம் ஒரு வங்கி முப்பது வருடம் தன் சாவியைக் கொடுத்து வைத்திருந்தது.

இன்னொன்றும் சொன்னார். இந்தக் குத்தியை முன்னிட்டு ஒரு பட்டிமன்றமாம். "தாள் காசை விட்டுக் குத்திக்கு மாறலாமா?" தாள் அணிக்கு நான் தலைமை. பொருளியல் படிப்பிக்கிறவள் என்பதால். முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"உங்கட பள்ளிக்கூட அதிபர் ஓம் எண்டிட்டா, டீச்சர். நாங்கள் லைப்ரரிக்கு ஒரு அலுமாரி குடுக்கிறம்."

என் வாயை ஓர் அலுமாரிக்கு விற்றாயிற்று.

ஜனவரி 15

பொங்கல். பால் கிழக்குப் பக்கமாக வழிந்ததென்று அக்காவுக்கு மகிழ்ச்சி. எனக்குப் பானையின் நடுவில் ஒரு புகைத் திட்டுத்தான் தெரிந்தது. ஆவி என்று வைத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 17, சனி

அது ஆவி இல்லை. பானையை விட்டு இரண்டு நாளாயிற்று. திட்டு இன்னும் கூடவே வருகிறது.

பாயிஸின் கடையில் நூறு ரூபாய் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். பின்னாலேயே உரத்த குரல்.

"டீச்சர்! ஐயாயிரத்த தந்துட்டு சும்மா போறீங்க? லொத்தர் கிடச்சிட்டா?"

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். தயிர்ச் சட்டியோடு நின்ற ஒருத்தி, "எனக்கும் ரெண்டு அப்பிடித் தாங்க மிஸ்" என்றாள். நானும் சிரித்து வைத்தேன். நூறு ரூபாய்த் தாள் செம்மஞ்சள், ஐயாயிரம் பொன் மஞ்சள். மங்கலான கடை வெளிச்சத்தில் யாருக்கும் தவறும் என்றேன். மங்கல் எதுவும் இல்லை. அவர் தலைக்கு மேலே இரண்டு குழல் விளக்கு எரிந்தது.

நேர்மையான மனிதர் என்று எழுத மனம் வரவில்லை. இன்றைக்குத் திருப்பித் தந்தார். ஆட்கள் இல்லாத நேரத்தில்? இதுவரை எத்தனை தடவை தவறியிருக்கிறேன்? எனக்கே தெரியாதே.

ஜனவரி 20, செவ்வாய்

பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுப் பொரளைப் பக்கம் கண் டொக்டரிடம் போனேன். அக்காவிடம் கல்வி அலுவலகம் என்று சொன்னேன்.

நீரிழிவு, எங்கள் வாயில் சீனி வருத்தம், கண்ணின் பின்சுவருக்குப் போய்விட்டது. வலது கண்ணில் நடுப்பார்வை அனேகமாக இல்லை, இடதிலும் தொடங்கிவிட்டது. கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும், மாதத்துக்கு ஒன்று. போனது வராது, இருப்பதை நிறுத்திப் பார்க்கலாம். டொக்டர் சிறு பெண். இதையெல்லாம் நல்ல ஆங்கிலத்தில், பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"எத்தனை காலத்துக்குக் கையெழுத்து வாசிக்க முடியும்?" என்று கேட்டேன்.

"என்ன வேலை செய்கிறீர்கள்?" என்றாள். சொன்னேன். அதற்குப் பிறகு அவள் என் முகத்தைப் பார்க்காமல் தாளைப் பார்த்தே கதைத்தாள்.

ஆகவே விஷயம் இதுதான், எழுதியே வைக்கிறேன். விடைத்தாள் வாசிக்க முடியாத ஆசிரியையை மருத்துவச் சபைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார்கள். பிறகு பூமாலை, ஒரு சுவர் மணிக்கூடு, வீடு. நான் ஓய்வுபெற இன்னும் பத்து வருடத்துக்கு மேல் இருக்கிறது. அத்தான் போன பிறகு அக்காவும் என்னோடுதான். இந்த ஃபிளாட்டின் வாடகை என் சம்பளம். என் சம்பளம் என் கண்.

ஒருவருக்கும் சொல்லப் போவதில்லை. இரக்கத்தைப்போல எரிச்சலூட்டுவது வேறொன்றும் இல்லை.

ஜனவரி 25, ஞாயிறு

சுந்தரலிங்கம் வந்தார். கையில் நீல வெல்வெட் பெட்டி, இரண்டு கைகளிலும் வெள்ளைப் பருத்திக் கையுறை. பள்ளிக்கூடக் கலைவிழாவில் புறாவை மறைக்கிறவர்கள் போடுவது. உள்ளே ஒரு கண்ணாடிச் சிமிழ், அதற்குள் குத்தி. சிமிழைத் திறந்து, ஓரத்தால் தூக்கி, யன்னல் வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார்.

அக்கா வடை சுட்ட கையோடு வந்து விரலை நீட்டினார்.

"ஐயோ தொடாதேங்கோ, அம்மா! விரலில இருக்கிற எண்ணெய் பட்டால் குத்தி செத்துப் போயிடும்!"

"காசைத் தொடாமல் என்னெண்டு ஐயா சிலவழிக்கிறது?"

"இது சிலவழிக்கிற காசில்லை."

"அப்ப என்னத்துக்குக் காசெண்டு பேர்?" என்றுவிட்டு அக்கா வடையைப் பார்க்கப் போனார்.

நான் கேட்டேன்: "உங்கட அணி தாளை ஒழிச்சுப்போட்டு நாடு முழுக்கக் குத்தியால நடத்தச் சொல்லுது. நீங்கள் குத்தியில கையே படக்கூடாது எண்டுறீங்கள்."

"அது வேற சப்ஜெக்ட், இது வேற சப்ஜெக்ட், டீச்சர்."

சிரிக்கவில்லை. உண்மையாகவே அப்படி நினைக்கிறார்.

பேச்சாளர்களுக்கு வட்டம் ஆளுக்கொரு குத்தி அன்பளிப்புச் செய்கிறதாம். என்னுடையதை வைத்துவிட்டுப் போனார். பட்டிமன்றத்தன்று மேடைக்குக் கொண்டுவர வேண்டும், படம் எடுக்க. "அதுவரைக்கும் சிமிழைத் திறக்காதேங்கோ. கை படாமல் வைச்சால் பேரப்பிள்ளைகளுக்கு உதவும்." கல்யாணமே செய்யாதவளுக்குப் பேரப்பிள்ளைகள். தட்டோடு வடை முழுவதையும் முடித்துவிட்டுத்தான் எழும்பினார். அப்போது மட்டும் கையுறை இல்லை.

ஜனவரி 28

பேச்சுக்குக் குறிப்பு எழுதினேன். குத்திக்குப் பாரம், சம்பளத்தைச் சாக்கில் தூக்க வேண்டும். இந்த விலைவாசியில் இன்றைக்கு அடிக்கும் குத்தி அடுத்த வருடம் டொபிக்குச் சமம். பணம் என்பது நம்பிக்கை, அதை உலோகத்தில் அடித்தால் என்ன, வாழை இலையில் எழுதினால் என்ன. இதெல்லாம் சரிதான்.

குத்தி அணிக்குத் தலைவி பஸ்லா. எங்கள் பள்ளிக்கூடத்தில் வர்த்தகம் படிப்பிக்கிறவள், மாளிகாவத்தைப் பிள்ளை, முப்பது வயதிருக்கும். வாய் நிற்காது. ஆசிரியர் அறையிலேயே தொடங்கிவிட்டாள். "மிஸ், எங்கட உம்மா வாஷிங் மெஷின்ல மூணு ஆயிரம் ரூபாத் தாளக் களுவி எடுத்தா. கொடில காயப் போட்டாச்சு. குத்திண்டா அப்பிடி ஆகுமா?" பிறகு குரலைத் தாழ்த்தி, "கண் தெரியாதவங்களுக்கும் குத்திதான் மிஸ் லேசி. அதத்தான் நா கடைசியாச் சொல்லப் போறன்" என்றாள்.

அதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது. தாளின் ஓரத்தில் பார்வையற்றவர்களுக்கென்று எழும்பிய புள்ளிகள் உண்டு. தொகைக்குத் தகுந்தபடி புள்ளி கூடும். தடவினால் தெரியும்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுக் கண்ணை மூடித் தடவிப் பார்த்தேன். வங்கியால் வந்த புதுத் தாளில் தெரிந்தது. கைப்பையில் கிடந்த மற்றவற்றில் ஒன்றுமில்லை. மீன் சந்தையையும் பஸ்ஸையும் வியர்வையையும் கண்ட தாள்கள். புள்ளியெல்லாம் எப்போதோ தேய்ந்துவிட்டன. பழைய துணியைத் தடவுவது போலிருந்தது.

மேடையில் புள்ளி உண்டென்றுதான் சொல்லப் போகிறேன். தேய்ந்துவிட்டதை அவர்கள் கண்டுபிடிக்கட்டும்.

ஜனவரி 31

பதின்மூன்றாம் வகுப்பு, உயர்தர இறுதி வருட விடைத்தாள்கள். பாதியை ஊகத்தில் திருத்தினேன். நல்ல பிள்ளைகளுக்கு நல்ல புள்ளி, மற்றவர்களுக்கு மற்றது. சீ.

பெப்ரவரி 4

அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. பாயிஸ்தான். "அண்டைக்கி டீச்சர் நூறுண்டு ஐயாயிரம் தந்தாங்க, கண்ணக் கொஞ்சம் காட்டச் சொல்லுங்க" என்று சீனிக்குப் போன இடத்தில் சொல்லியிருக்கிறார். அக்கா வந்து என் கைப்பையைத் திறந்து கண் மருந்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"எப்ப சொல்ல இருந்தனீ?"

"என்னத்தை?"

"ஜீவா, எனக்கு விசராக்காதை."

எனக்கென்ன, சொல்லியிருந்தால் மட்டும் இவ என்ன செய்திருப்பா? தேவாரம் பாடியிருப்பா. கோயில் கோயிலா அலைஞ்சிருப்பா. நான் வேலைக்குப் போறன், உழைக்கிறன், என்ர பாட்டில இருக்கிறன். விடுங்கோவன் என்னை.

இதைச் சத்தமாகவே சொன்னேன். அக்கா எழும்பிப் போய் வாழைப்பழத்தையும் சீனிப் போத்தலையும் அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

பெப்ரவரி 6, வெள்ளி

அக்கா தனியாகக் கொட்டாஞ்சேனை அம்மன் கோயிலுக்குப் போய் வந்தார். என் நெற்றியில் கேட்காமலே திருநீறு பூசினார். சமையலறையில் மஞ்சள் மணம்.

பெப்ரவரி 7, சனி

நாளைக்குப் பட்டிமன்றம். வெல்வெட் பெட்டியை எடுத்துத் திறந்தேன். சிமிழ் இருக்கிறது. உள்ளே ஒன்றுமில்லை.

"அக்கா."

"ம்."

"குத்தி எங்க?"

சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் ஆணியைக் காட்டினார். மஞ்சளில் தோய்த்த துணி முடிச்சு ஒன்று தொங்கியது. எனக்கு நேர்த்தி வைத்துக் காசு முடிந்திருக்கிறார். சுகம் வந்தால் அவிழ்த்து அம்மனின் உண்டியலில் போட வேண்டும்.

"வீட்டில ஆயிரம் குத்தி கிடக்கு. இதுதானா கிடைச்சது?"

"ஒரு ரூபாக் குத்தியைத்தான் முதல் எடுத்தனான். பாயிஸே டொபியைத் தந்து தட்டிக் கழிக்கிற காசை அம்மாளாச்சிக்கு என்னெண்டு முடியிறது? மரியாதை இல்லை. இதில ஆயிரம் எண்டு அடிச்சுக் கிடக்கு."

"தாளை முடிஞ்சிருக்கலாமே."

"ஈரத் துணியில தாளை முடிஞ்சால் ஊறிப் போயிடும். படிச்சனீ, அதுகூடத் தெரியாதே?"

பிறகு கொஞ்சம் பெருமையோடு சொன்னார்: "முடியிறதுக்கு முதல் பழப்புளி போட்டு நல்லாத் தேய்ச்சுக் கழுவினனான். குத்துவிளக்கு மாதிரி மினுங்கினது."

தொட்டாலே செத்துப்போகும் குத்தியைப் பழப்புளி போட்டுத் தேய்த்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பல நாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, முடிச்சை அவிழ்த்துத் தரச் சொன்னேன்.

"நேர்த்தி முடியாமல் அவிழ்க்கேலாது."

விஞ்ஞானம் சொல்லிப் பார்த்தேன். பட்டதாரி. பேராதனைப் பல்கலைக்கழகம். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

பெப்ரவரி 8, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. வெள்ளவத்தையில் கட்டணமில்லாமல் இரண்டு ரோல்ஸும் ஒரு தேத்தண்ணியும் கொடுத்தால் எதைப் பற்றியும் கேட்க ஆள் வரும். ரோல்ஸ் பாயிஸின் உபயம். நடுவர் சிவபாதசுந்தரம், ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. தொடக்கத்திலேயே ஒரு பழைய பாட்டைப் பாடி, காசுக்கும் காதலுக்கும் தொடர்பு சொல்லிக் கைதட்டு வாங்கினார்.

படம் எடுக்க எல்லோரும் பெட்டியைத் திறந்து வைத்தார்கள். என்னுடையதை நான் மூடியே வைத்திருந்தேன். "கை படக்கூடாது, தூசியும் படக்கூடாது" என்றேன். சுந்தரலிங்கம் நெகிழ்ந்துபோனார். "பாருங்கோ, டீச்சருக்கு விளங்கியிருக்கு" என்று மற்றவர்களுக்குக் காட்டினார். மனிதர்களை ஏமாற்றுவது இவ்வளவு எளிதென்றால் ஏன் நான் இத்தனை காலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன்?

குறிப்பை வாசிக்க முடியவில்லை; மனப்பாடமாகப் பேசினேன். நன்றாகவே போனது. சாக்கில் சம்பளம் தூக்கும் அரசாங்க ஊழியருக்குச் சிரித்தார்கள். கடைசியில் புள்ளிகளைச் சொன்னேன். பார்வையற்றவர்களும் தாளைத் தடவி அறியலாம், ஆகவே குத்தி அணியின் கண்ணீர் தேவையற்றது என்றேன். கைதட்டல்.

பஸ்லா எழும்பினாள்.

"நடுவர் அவர்களே, ஜீவராணி மிஸ் எங்கட ஸ்டாஃப் ரூம் சீனியர். மிஸ் சொன்னா சரியாத்தான் ஈக்கும். அப்ப மிஸ்ஸே கண்ண மூடிட்டு இந்தத் தாள் என்னண்டு தடவிப் பாத்துச் சொல்லட்டுமே!"

மண்டபம் ஆரவாரித்தது. நடுவர், "சவால்! சவால்!" என்று மேசையைத் தட்டினார். கையில் ஒரு தாளை வைத்தாள். கண்ணை மூடினேன். பழைய தாள், துவண்டு போனது. ஓரத்தைத் தடவினேன். ஒரு புள்ளியும் இல்லை.

"நூறு" என்றேன்.

சிரிப்பு வெடித்தது. கண்ணைத் திறந்தேன். மேடை விளக்கு மஞ்சள். தாளின் நடுவில் என் புகைத் திட்டு, சுற்றிலும் ஏதோ செம்மஞ்சள். திறந்தும் அது நூறுதான்.

"நூறுதானே?" என்றேன், ஒலிவாங்கியில்.

அதற்குத்தான் உண்மையான சிரிப்பு. பின்வரிசையில் விசில் அடித்தார்கள். பஸ்லாவும் சிரித்துக்கொண்டே என் பக்கம் குனிந்தாள். என் கண்ணைப் பார்த்தாள். அவள் சிரிப்பு நின்றது.

"மிஸ்" என்றாள், ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு. "ஐயாயிரம், மிஸ்."

முன்வரிசையில் அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்திருந்தார்.

தீர்ப்பு: தாள் கணவன், குத்தி மனைவி, இரண்டும் சேர்ந்தால்தான் குடும்பம். இதைச் சொல்ல ஒரு நடுவர், ஒரு பொன்னாடை, ஒரு பின்னேரம்.

பெப்ரவரி 9

அதிபர் வரச் சொன்னார். காய்ச்சல் என்று சொல்லியனுப்பினேன். காய்ச்சல் இல்லை.

பெப்ரவரி 11

பஸ்லா வந்தாள். கையில் ஒரு கிண்ணம் வட்டிலாப்பம், கருப்பட்டி இனிப்பு. சீனி வருத்தக்காரிக்கு வட்டிலாப்பம். அக்கா வாங்கி, எனக்கு எட்டாத தட்டில் வைத்தார்.

"மிஸ், நா வெளயாட்டுக்குத்தான் கேட்டன். எனக்குத் தெரியா மிஸ். அல்லாவே, தெரிஞ்சிருந்தா கேட்டீப்பனா?"

"நீ கேட்டது சரிதான். புள்ளி தேய்ஞ்சுதான் இருந்தது. நான் தெரிஞ்சுகொண்டுதான் சொன்னனான்."

அவள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு மேசையில் கிடந்த விடைத்தாள் கட்டைப் பார்த்து, "நா வாசிக்கிறன், நீங்க புள்ளி போடுங்க" என்றாள். வேறு வேலை இல்லையா என்று கேட்டேன். கேட்டது காதில் விழாததுபோல ஒன்றை எடுத்து வாசிக்கத் தொடங்கினாள். பிள்ளைகள் எழுதும் அபத்தத்தை அந்தந்தப் பிள்ளையின் குரலிலேயே வாசிக்கிறாள். 'பணவீக்கம் என்பது பணம் ஈரத்தில் ஊதுவது.' அக்கா சமையலறையில் இருந்து சிரித்தார்.

போன தடவை ஊகத்தில் திருத்தியவற்றையும் எடுத்துக் கொடுத்தேன். ஒரு பிள்ளைக்கு நான் இருபது புள்ளி குறைத்துப் போட்டிருக்கிறேன். மற்றவர்கள் என்று நான் ஒதுக்கியவர்களில் ஒருத்தி.

பெப்ரவரி 12

அதிபரின் அறை. நான் கதிரையில் இருக்க முதலே, "மிஸ், மேடையில அந்தப் பகிடி பிரமாதம்! நூறுதானே எண்டு ஒரு முகத்தை வைச்சுக்கொண்டு கேட்டீங்களே, என்ர மனுசன் இன்னும் சிரிக்கிறார்" என்றார்.

அலுமாரி வந்துவிட்டதாம். அதற்காகத்தான் கூப்பிட்டிருக்கிறார்.

எழும்பி வந்திருக்கலாம். பகிடி என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். எனக்காக அவர்களே ஒரு பொய்யைச் செய்து வைத்திருந்தார்கள், நான் அதற்குள் இருந்தாலே போதும். ஒரு வருடம் ஓடியிருக்கும். இரண்டு வருடம்கூட. கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். இருபது புள்ளி குறைந்த பிள்ளையின் பெயர் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

"பகிடி இல்லை, மிஸ்" என்றேன். "எனக்கு அது தெரியேல்லை."

அவர் முகம் எப்படி மாறியதென்று எழுத முடியாது. முகங்கள் எனக்கு இப்போது ஓரத்தால்தான் தெரிகின்றன. பிறகு அதிகாரிகள் எல்லோரும் சொல்வதைச் சொன்னார். "சுற்றறிக்கையைப் பார்க்க வேணும்."

பாருங்கோ. உங்களுக்காவது கண் இருக்கிறது.

பெப்ரவரி 24

கண்ணுக்குள் முதல் ஊசி. வலியில்லை என்றார்கள். பொய்.

மார்ச் 21, சனி

சுந்தரலிங்கம், கையுறையோடு. வட்டத்தின் மலருக்கு எல்லாக் குத்திகளையும் படம் எடுக்கிறாராம். இனி மறைக்க ஒன்றுமில்லை. முடிச்சைக் காட்டினேன்.

"துணிக்குள்ளயோ! மஞ்சள் பட்டிருக்குமே!"

அக்கா ஆறுதல் சொல்லும் குரலில், "பயப்பிடாதேங்கோ ஐயா, பழப்புளி போட்டுத் தேய்ச்சுத்தான் வைச்சனான்" என்றார்.

அவர் கதிரையில் இருந்துவிட்டார். தண்ணீர் கேட்டார்.

"பழப்புளி... அம்மா, அதை இனி ஆறாயிரத்துக்கு இல்லை, ஆயிரத்துக்குக்கூட ஒருத்தரும் எடுக்கமாட்டினம்."

"அதில ஆயிரம் எண்டுதானே அடிச்சிருக்கு?" என்றேன்.

"அதுக்கென்ன?"

"அப்ப ஆயிரத்துக்கு எடுக்கத்தானே வேணும்? அதுதானே காசு?"

என்னைப் பார்த்தார். அவருடைய வங்கி வாழ்க்கையில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை போலும். வடையைத் தொடாமலே போனார். முதல் தடவையாக அவர்மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது. அதிக நேரம் நிற்கவில்லை.

ஏப்ரல் 10

மருத்துவச் சபை. மூன்று பேர், ஒரு மின்விசிறி, என்னுடையதல்லாத ஒரு கோப்பு. பிறகு என்னுடையது வந்தது. உயர்தர வகுப்புக்குப் பாடம் சொல்லலாம், கரும்பலகை வேலையும் பரீட்சை மேற்பார்வையும் கிடையாது. ஒரு வருடத்துக்குப் பிறகு திரும்பப் பார்ப்பார்களாம். மாலையும் மணிக்கூடும் ஒரு வருடம் பிந்தியிருக்கின்றன.

ஏப்ரல் 19

தடித்த கறுப்பு மார்க்கரால் எழுதுகிறேன். பக்கத்துக்குச் சில வரிகள்தான் கொள்கின்றன. நல்லது, அலட்டல் குறையும்.

ஜாம் போத்தலைப் பாயிஸிடம் கொண்டுபோய் மேசையில் கவிழ்த்தேன்.

"டொபிக்கு டேட் போயிட்டே டீச்சர்!"

"டேட் போகாததைத் தாருங்கோ. இனி எனக்கு மிச்சம் குத்தியாத்தான் வேணும்."

"குத்தி வாணாம் வாணாம்னு மைக்ல கத்தினது நீங்கதானே?"

"கத்தினனான். இப்ப தாருங்கோ."

இருந்திருக்கிறது! மேசைக்குக் கீழே ஒரு பால்மா டின் நிறையக் குத்தி. இத்தனை வருடமும் அதன்மேல் காலை வைத்துக்கொண்டுதான் இல்லை இல்லை என்றிருக்கிறார்.

குத்திகளைக் கைப்பைக்குள் விட்டுத் தடவிப் பழகுகிறேன். இருபதுக்கு ஏழு பக்கம். பத்துக்குப் பதினொன்று. ஐந்து வெறும் வட்டம். தாள்களை அக்கா விதவிதமாக மடித்து வைத்துத் தருகிறார். நான் ஒன்றை எடுத்தால் மற்றதன் மடிப்பும் குலைந்துவிடுகிறது.

மே 8, வெள்ளி

வலது கண் போனது போனதுதான். இடது நின்றுவிட்டது, போன கிழமையும் அப்படியே இருக்கிறதென்று டொக்டர் சொன்னாள். அவளுடைய ஊசி. அக்காவின் கணக்கில் அது வேறு ஆளின் வேலை.

"ரெண்டு கண்ணுக்கும்தானே நேர்த்தி வைச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஒண்டை விட்டு வைச்சாவே. அதுக்கு மேல அம்மாளாச்சியோட பேரம் பேசுவினமே?"

பள்ளிக்கூடம் விட்டதும் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். உண்டியலுக்கு முன்னால் முடிச்சை என் கையில் தந்தார், நான்தான் அவிழ்க்க வேண்டுமாம். மஞ்சள் காய்ந்து முடிச்சு கல்லாயிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தேன். பொருளியல் ஆசிரியை, கோயிலில், பல்லால்.

அந்தக் குத்தியை நான் முதல் தடவை தொட்டது இன்றைக்குத்தான். பாரமானது. விளிம்பு பல்லுப்பல்லாய் இருந்தது. பெருவிரலால் தடவினேன். ஒன்று, பிறகு மூன்று வட்டம், ஆயிரம். மற்றப் பக்கத்தில் ஏதோ கட்டிடம், சுற்றி எழுத்துகள். எதன் ஞாபகமாக என்பது தொட்டும் தெரியவில்லை. புளி மணந்தது.

"போடன்" என்றார் அக்கா.

போட்டேன். அடிவரை போய் விழுந்த சத்தம் கேட்டது. பக்கத்தில் ஒருவர் பெரிய தாளாக ஒன்றை மடித்துத் துவாரத்துக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். அது விழுந்ததா, இடையில் சிக்கியதா, ஒரு சத்தமும் இல்லை. தாள் அணித் தலைவி என்ற முறையில் இதைக் குறித்துவைக்கிறேன். கும்பிட்டேனா? அக்கா பக்கத்தில் நின்றார். கையை எடுத்தேன், அவ்வளவுதான்.

கோட்டையில் பஸ் மாறினோம். சரியான நெரிசல். கண்டக்டர் மிச்சத்தைக் கையில் திணித்துவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பினார். இரண்டு குத்தி. ஒன்று ஏழு பக்கம். மற்றதை விரலால் உருட்டினேன். வெறும் வட்டம்.

"மல்லி, இது அஞ்சு" என்றேன் சிங்களத்தில், தம்பி முறை வைத்து. "பத்துத் தர வேண்டும்."

"பார்க்காமலே எப்படிச் சொல்றீங்க, மிஸ்?" என்றார் அவரும் சிங்களத்தில். குரலில் கேலி.

உள்ளங்கையை விரித்து நீட்டியபடியே நின்றேன். பஸ் ஒருமுறை குலுங்கியது. அக்கா என் முழங்கையைப் பிடிக்க வந்து, பிடிக்காமல் விட்டார். கண்டக்டர் ஐந்தை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைத்தார்.

மூடிய கைக்குள் தடவிப் பார்த்தேன். பதினொரு பக்கம். சரி.